மாதிரி வாக்கியம்

அண்ணி ஜெயித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அலுவலகமே கைதட்டிக்கொண்டிருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு மட்டும் காது மடல் சுடத் தொடங்கியிருந்தது.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் எட்டுப் பேர் முதுகோடு முதுகு உரச உட்கார்ந்து கணினி பார்ப்பார்கள். இன்னொன்றில் ஒரு நீள மேசை, அது ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை. சலூன்களுக்கான மென்பொருள் அங்கேதான் தயாரானது. யார் எத்தனை மணிக்கு முடி வெட்ட வருகிறார், எந்த நாற்காலி காலி, யாருக்கு எந்தச் சாயம் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில் இருக்கும். சலூன்காரர் மாதாமாதம் சந்தா கட்டுவார். பிடிக்காவிட்டால் ஒரு போன் போட்டு நிறுத்திவிடுவார். அந்த போனை எடுப்பவன் அண்ணியின் கணவன். கம்பெனிக்கு முதலாளி அண்ணி.

அந்தக் கணவனுக்குத் தங்கைதான் நம் நாத்தனார். வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டிலும், கம்பெனி கம்பெனியாகப் போயும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். கம்பெனிப் பிள்ளைகள் எல்லாரும் அவளை டீச்சர் என்பார்கள். அண்ணியும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவள் வாயில் அந்த வார்த்தை லேசாகப் புளிக்கும். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே அளவு வாய்.

அன்று அண்ணி, பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்றோடு கணினி வழியே பேசி முடித்திருந்தாள். அவர்கள் பணம் போட்டால் கம்பெனி பிழைக்கும், இல்லாவிட்டால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பேச்சின் பதிவைத்தான் சுவரில் ஓடவிட்டு எல்லாரும் பார்த்தார்கள். உச்சரிப்பைச் சரிபார்க்க டீச்சரையும் வரவழைத்திருந்தாள்.

திரையில் முதலீட்டு நிறுவனத்து அம்மா கேட்டார், உங்கள் வாடிக்கையாளர்கள் நிலைக்கிறார்களா என்று. அண்ணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எங்கள் மாதாந்தர சர்ன் ஒன்றே முக்கால் சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது, நெட் ரிடென்ஷன் நூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது என்று ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போனாள். எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டாள். எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தினாள்.

"எப்படி டீச்சர்? எங்கயாவது முழுங்கினேனா?"

அந்த வாக்கியத்தை எழுதியதே டீச்சர்தான். ஆறாவது பாடத்தில், துணி துவைக்கும் இயந்திரம் சுற்றி முடிக்கக் காத்திருந்த நேரத்தில், சமையல் மேடை மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். எண் போட வேண்டிய இடம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதன் பவர் ஒன்றே முக்கால். அதையே போட்டாள். அடுத்த எண்ணுக்கு எங்கும் தேடவில்லை. அவள் தினமும் ஏறும் பஸ் நூற்றுப் பன்னிரண்டு.

"அண்ணி, கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள்.

நடந்தது என்ன என்று புரிய, அந்தப் பாடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அண்ணிக்குத் தொழில் தெரியும். எந்தச் சலூனுக்கு எத்தனை நாற்காலி என்பதுவரை தெரியும். முதலீட்டுக்காரர்கள் பேசும் பாஷைதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அவர்கள் ஒரு கூட்டத்தில் இருபது வார்த்தை சொன்னால் அதில் பன்னிரண்டு இவளுக்குப் புதிது. ஆகவே வெட்கத்தை மென்று விழுங்கிவிட்டு நாத்தனாரிடம் வந்தாள். டீச்சரும் ராத்திரி பகல் படித்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுத்தாள். மாதம் தவறாமல் வரும் சந்தா மொத்தத்துக்கு ஒரு பெயர், அதையே வருஷத்துக்குப் பெருக்கினால் இன்னொரு பெயர். மாதத் தொடக்கத்தில் நூறு சலூன் இருந்து, முடிவதற்குள் ஐந்து கழன்றுகொண்டால், அந்த ஐந்துதான் சர்ன்.

"விட்டுட்டுப் போறான்னு சொல்றதுக்கு இவ்வளவு அலங்காரமா," என்றாள் அண்ணி.

நெட் ரிடென்ஷனுக்கு வந்தபோது டீச்சர் பொறுமையாக விளக்கினாள். போன வருஷம் இருந்த சலூன்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவர்கள் நூறு ரூபாய் கட்டினார்கள் என்றால் இன்றைக்கு அதே ஆட்கள் எவ்வளவு கட்டுகிறார்கள்? போனவர்களைக் கழிக்க வேண்டும். பெரிய சந்தாவுக்கு மாறியவர்களின் கூடுதலைச் சேர்க்க வேண்டும். புதிதாக வந்தவர்களைத் தொடவே கூடாது. நூறுக்கு மேலே நின்றால், புது ஆள் ஒருவர்கூட வராவிட்டாலும் தொழில் வளரும்.

"புதுசா வந்தவங்களைக் கணக்குல சேர்க்க மாட்டீங்க. நான் மருமகளா வந்தப்ப உங்க வீட்டுல நடந்ததுதானே. அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது."

இரண்டு பேரும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதுவும் நடந்தது.

ஆனால் நிஜ எண்களை அண்ணி தரவில்லை. கம்பெனி விஷயம், வெளியே போகக் கூடாது என்றாள். நான் வெளியாளா என்று டீச்சர் கேட்டதற்கு, நீ நாலு கம்பெனிக்குப் பாடம் எடுக்கிறவள் என்று பதில் வந்தது. டீச்சருக்குச் சுருக்கென்றது. சரி, என் எண்ணையே போட்டுக்கொள்கிறேன், பிறகு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள்.

இன்னொன்றும் உண்டு. டீச்சரின் பாடமுறையே மனப்பாடம்தான். யோசித்துப் பேசினால் தடுக்கும், வாக்கியத்தை முழுசாக விழுங்கு, கேள்வி வந்தால் முழுசாகக் கக்கு என்பாள். அதில் அவளுக்குப் பெருமை. கக்க முடியாமல் அண்ணி திணறினால் மேசைக்கடியில் டீச்சரின் முழங்காலைத் தட்ட வேண்டும், டீச்சர் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். அண்ணி விழுங்கினாள். எண்ணோடு சேர்த்து விழுங்கினாள்.

அன்று உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, அந்த எண்கள் வந்த கதையை டீச்சர் சொன்னபோது அண்ணியின் முகம் வெளுத்தது. அது நடிப்பில்லை. டீச்சருக்கு ஆளைத் தெரியும்.

"வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டேன். எண்ணைச் சொல்றோம்கிறதே தோணல."

"நிஜம் எவ்வளவு?"

அண்ணி தரையைப் பார்த்தாள். மாதம் ஐந்துக்கு மேல் போகிறார்கள் என்றாள். மற்றது எண்பத்து மூன்று.

இன்றைக்கே ஒரு கடிதம் போட்டுத் திருத்திவிடுங்கள் என்றாள் டீச்சர். போடுகிறேன் என்றாள் அண்ணி. அதை நம்பித்தான் டீச்சர் நூற்றுப் பன்னிரண்டில் ஏறி வீட்டுக்குப் போனாள். பஸ்ஸின் நெற்றியில் இருந்த எண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கடிதம் போகவில்லை. மறுநாள் அண்ணி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். கையில் பழங்கள், முகத்தில் ஒரு குழைவு. முதலீட்டு நிறுவனத்தாருக்கு அந்த எண்கள் ரொம்பப் பிடித்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை அந்த அம்மாவே நேரில் வருகிறாராம். ஆகையால் புதிதாக ஒரு பாடம் வேண்டும். சர்ன் என்பதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு நாலு வாக்கியம்.

"எப்படி எண்ணினா அஞ்சு ஒண்ணே முக்கால் ஆகும்னு கேக்கறீங்களா அண்ணி?"

"ஊர்ல எல்லாரும் செய்றாங்க. நீயே சொல்லியிருக்க. மூணு மாசத்துக்குள்ள போறவனைச் சேர்க்காத கம்பெனி இருக்கு, கடையையே மூடினவனைச் சேர்க்காத கம்பெனி இருக்கு. அப்புறம் இந்த 'ஹோல்டு'. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வச்சிருக்கான்னு எழுதிட்டா அவன் போனவன் இல்லயே."

சொல்லியிருந்தாள்தான். ஏமாறாமல் இருக்கட்டும் என்று, எச்சரிக்கையாகச் சொல்லியிருந்தாள். அதையே அண்ணி சாவியாக எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. சாதுவான கோபம் இல்லை, கையில் இருக்கும் பாத்திரத்தைப் பார்த்து அதை எங்கே வீசலாம் என்று கண் தேடும் கோபம்.

"நேத்து தெரியாம சொன்னீங்க, அது தப்பு. இன்னிக்குத் தெரிஞ்சே சொல்லப் போறீங்க. அதுக்கு என்னை எழுதித் தரச் சொல்றீங்க."

"எட்டுப் பேரு வீட்டுல அடுப்பு எரியறது உனக்குக் கண்ணுல படாது. உனக்கு உன் பாடம் சுத்தமா இருக்கணும்."

"என் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவங்களை ஏமாத்தாதீங்க. அவ்வளவுதான்."

அண்ணி பழங்களை வைத்துவிட்டுப் போனாள். எழுதித் தராவிட்டால் போகட்டும், வெள்ளிக்கிழமை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், திணறினால் முழங்காலைத் தட்டுகிறேன், மாட்டேன் என்றால் உன் பிறந்த வீட்டு உறவை இன்றோடு முடித்துக்கொள்ளலாம் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கோபத்தில் வருகிற பேச்சுதான். ஆனால் அண்ணி மிரட்டினால் அதைச் செய்கிறவள்.

டீச்சர் அண்ணனுக்கு போன் போட்டாள். அவன் யார் மனமும் நோகாமல் பேசுகிறவன். சந்தாவை நிறுத்தப் போகிறேன் என்று சண்டைக்கு வந்த சலூன்காரர்கூட, அவனிடம் பேசி முடிக்கும்போது பிள்ளைகள் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். தங்கை கேட்டதற்கு அவன் சுற்றி வளைத்தான். கடைசியில் சொன்னான், நேற்று ராத்திரியே, போனவர்களை எல்லாம் நிறுத்தி வைத்திருப்பவர்கள் என்ற பெட்டிக்கு மாற்றிவிட்டேன், அவள் சொன்னாள், மாற்றினேன் என்று.

"அண்ணே, நீயுமா?"

"அவ தூங்கறதில்லம்மா. கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கா. நான் என்ன செய்ய?"

டீச்சர் போனை வைத்தாள். அன்றைக்கு மூன்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்தாள். மூவரையும் காரணமில்லாமல் திட்டினாள். அண்ணி தூங்காததை நினைத்தால் மனம் இளகியது. இளகியதை நினைத்தால் இன்னும் கோபம் வந்தது. கெட்டவள் ஒருத்தி கெட்டது செய்தால் எரிச்சலோடு போய்விடும். நம்மோடு வயிறு வலிக்கச் சிரித்தவள் செய்யும்போதுதான் நெஞ்சு பற்றி எரிகிறது.

வெள்ளிக்கிழமை போனாள். ஏன் போனாள் என்று அவளைக் கேட்டால் உறவுக்காக என்பாள். அது பாதிதான். என் வாக்கியம் என்ன பாடு படுகிறது என்று என் காதால் கேட்க வேண்டும் என்ற வெறி மறுபாதி.

நீள மேசையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அட்டைக்குப் பதில் புது மரத்துண்டு. முதலீட்டு நிறுவனத்து அம்மா ஒல்லியாக, நரைத்த குட்டை முடியோடு, யாரையும் அவசரப்படுத்தாத முகத்தோடு இருந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர். மேசையின் ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் அண்ணி, அண்ணியை ஒட்டி டீச்சர், சுவரோரம் அண்ணன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் எட்டுப் பேரும் வேலை செய்வதுபோல் பாவனை. அவர்களில் சுருட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பெண், திரையைத் தொடாமல் இவர்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. பிறகு அவர் கேட்டார், சர்ன் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, எப்படி எண்ணுகிறீர்கள் என்று. அண்ணி ஒப்பித்தாள். டீச்சர் எழுதாத வாக்கியம், கணினியிடம் கேட்டு வாங்கியது போலிருந்தது. தற்காலிகமாக நிறுத்தி வைப்பவர்களை நாங்கள் போனவர்களாகக் கருதுவதில்லை. அந்த அம்மா தலையாட்டினார். குரல் உயராமல் அடுத்ததைக் கேட்டார். நிறுத்தி வைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

அது எந்தப் பாடத்திலும் இல்லை.

மேசைக்கடியில் அண்ணியின் விரல்கள் டீச்சரின் முழங்காலைத் தட்டின. ஒருமுறை. பிறகு அழுத்தி இன்னொரு முறை.

டீச்சரிடம் வார்த்தை இருந்தது. ஒன்றில்லை, பத்து இருந்தன. விரைவில் எதிர்பார்க்கிறோம் என்று ஆரம்பித்துக் கொடுத்தால் போதும், அண்ணி பிடித்துக்கொண்டு ஓடிவிடுவாள். பாடம் எடுக்கும்போது அந்தத் தட்டல் அவளுக்குப் பிடிக்கும். ஒருத்தி நம்மை நம்பித் தடவித் தேடுகிற தட்டல் அது. இன்றைக்கு அது யாரோ தன் வாயைத் திறந்து கையை உள்ளே விட்டதுபோல் இருந்தது. வாய் தானாகத் தமிழில் திறந்தது.

"அது என் கண்ணாடிப் பவர் அண்ணி. இன்னொண்ணு நான் வர்ற பஸ். இனிமே என்னைத் தட்டாதீங்க."

சத்தம் போடவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பேச்சு சுவரில் பட்டுத் திரும்பும். சுவரோரம் அண்ணன் நிமிர்ந்தான். அந்த அம்மா மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு அண்ணியிடம் கேட்டார், இவர் என்ன சொன்னார் என்று.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள். பொய் சொல்லும் அளவுக்கு அவளுக்கு ஆங்கிலம் இன்னும் வரவில்லை என்பதாலா, வேறு எதனாலா என்பது டீச்சருக்கு இன்றுவரை தெரியாது. அண்ணி மொழிபெயர்த்தாள். கையும் காலும் உடைந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்துச் சொன்னாள். இவள் சொல்கிறாள், அந்த எண் இவள் கண்ணாடி. இன்னொரு எண் பஸ்.

அந்த அம்மா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணி நிற்கவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாது, மனப்பாடம் செய்தேன், வாக்கியம் சரி, எண் தப்பு, அது தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றாள். ஒரு வினைச்சொல்கூட நேராக நிற்கவில்லை. ஆனாலும் கேட்டவருக்கு எல்லாம் புரிந்தது. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். கண்ணில் நெருப்பு.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? சொல்லுங்க நிஜத்தை."

அவன் சொன்னான். மாதம் ஐந்து புள்ளி நான்கு. எண்பத்து மூன்று. நிறுத்தி வைத்தவர்களில் யாரும் திரும்பவில்லை, அவர்கள் போனவர்கள்தான். ஏன் போகிறார்கள் என்று அவர் கேட்டதற்கும் அவனிடம் பதில் இருந்தது. போன வருஷம் திரையை அழகுபடுத்தினோம், பொத்தான்கள் சிறுத்துவிட்டன, தலை அலசிக்கொண்டிருக்கிறவர் ஈரக் கையோடு அதை அமுக்க முடியவில்லை. இதைச் சொன்ன சலூன்காரர்கள் ஏராளம், நான் வீட்டில் சொன்னேன், பணம் வந்ததும் பார்க்கலாம் என்றாள்.

அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. மடிக்கணினியை மூடினார். பொத்தானை முதலில் பெரிதாக்குங்கள், ஒரு வருஷம் கழித்து நிஜ எண்ணோடு கூப்பிடுங்கள், நான் வந்தாலும் வரலாம் என்றார். டீச்சரிடம் மட்டும் கை நீட்டினார். டீச்சருக்கு அந்தக் கையைப் பிடிக்கப் பிடிக்கவில்லை. மரியாதைக்குப் பிடித்தாள்.

பணம் வரவில்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் போனார்கள். சுருட்டையும் ஒருத்தி. மேசையைக் காலிசெய்துகொண்டு படியிறங்கும்போது, கீழே மருந்துக் கடையில் நின்ற டீச்சரைப் பார்த்தாள்.

"நீங்க பேசாம இருந்திருக்கலாம் டீச்சர்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தான் செய்தது சரி என்று டீச்சருக்குத் தெரியும். சரியாகச் செய்த ஒன்று இன்னொருத்தி தோளில் பையாகத் தொங்கிக்கொண்டு படியிறங்குவதைப் பார்ப்பது வேறு. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், பார்த்தவர்கள்மேல் எல்லாம் கோபப்பட்டாள். அண்ணிமேல், அண்ணன்மேல், எண்களை விழுங்கச் சொன்ன தன் பாடமுறைமேல். சுருட்டைக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும்வரை காசு வாங்காமல் நேர்முகத் தேர்வுக்குப் பாடம் எடுத்தாள். அதுவும் ஆறுதலாக இல்லை.

அண்ணி பேசவில்லை. குடும்ப விசேஷத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, உப்பை அண்ணன் வழியாகக் கேட்டு வாங்கினார்கள். இருவருக்கும் நடுவில் அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

பிறகு ஒரு நாள், பழைய பாட நேரத்துக்குச் சரியாக, வாசலில் செருப்பு விழும் சத்தம். கழற்றியதாகத் தெரியவில்லை, வீசியதாகத் தெரிந்தது. அண்ணி உள்ளே வந்து எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"பேச வரல. பாடத்துக்கு வந்தேன்."

டீச்சர் தாளை எடுத்தாள். அதே சர்ன் வாக்கியத்தை எழுதினாள். எண் வரும் இடத்தில் கோடு மட்டும் போட்டுத் தாளைத் தள்ளிவிட்டாள். அண்ணி பேனாவைப் பிடுங்கி எழுதினாள், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி. ஐந்து புள்ளி ஒன்று. பொத்தானைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

வாசித்தாள். பாதியில் தடுக்கி, மறுபடி ஆரம்பித்து, முடித்தாள்.

"தப்பு," என்றாள் டீச்சர்.

"எண்ணா?"

"உச்சரிப்பு."

"அதை நீ திருத்து. எண்ணை நான் திருத்திக்கிறேன்."